பூசைக்கு உறுமிய படகு

கண்ணுகளா,

நான் படகு வேலைக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது எனக்குத் தெரியும். "கடலே இல்லாத ஊர்ல எங்கப்பா போட் மெக்கானிக்" என்று கூட்டாளிகளிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. கோபம் இல்லை. சொல்லிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் போன வாரம் சாப்பிடும்போது சின்னவன் ஒரு கேள்வி கேட்டான். "ஒண்ணும் ரிப்பேரே ஆகாத போட்டுக்கு எதுக்குப்பா வருசா வருசம் போறீங்க?" அப்போது நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வாயால் சொன்னால் முன்னுக்குப் பின்னாக வரும். உட்கார்ந்து எழுதினால்தான் வரிசை கிடைக்கும். பத்தாவதோடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

பீளமேட்டில் நம் ஷெட்டுக்கு வருவதெல்லாம் கிணற்று மோட்டாரும் பம்பும்தான். படகு எப்படி வந்தது என்றால், அதுவும் பம்பாகத்தான் வந்தது. உடுமலைப்பேட்டைக்கு அப்பால், மலை அடிவாரத்தில் உள்ள அணையில் ஓர் அக்கா படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். தென்னந்தோப்புக் குடும்பம். காலால் மிதிக்கும் வாத்துப் படகுகள் நிறைய, மோட்டார் படகு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் தண்ணீர் பம்ப் கெட்டுப்போய், பம்ப் என்றால் கோயமுத்தூர்தானே என்று துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பம்பைச் சரி செய்து கொடுத்தேன். "அப்படியே அது மாட்டியிருக்கற போட்டையும் ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். அந்த ஒரு எட்டு இன்றுவரை முடியவில்லை.

பழைய படகு அது. எந்த நாட்டில் எந்த ஏரியில் ஓடி முடித்து இங்கே வந்ததோ. மீன்பிடிப் படகுகளில் இன்ஜின் மொத்தமும் பின்னால் வெளியே தொங்கும், பார்த்திருப்பீர்கள். இதில் பாதி உள்ளே, பாதி வெளியே. காரில் இருப்பது போன்ற பெட்ரோல் இன்ஜின் படகின் பின்பக்கம் மூடி போட்ட பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் விசை பின்சுவரைத் துளைத்து வெளியே போய், தண்ணீருக்குள் இறங்கும் ஒரு காலுக்குப் போகும். கால் என்றுதான் துறையில் எல்லோரும் சொல்கிறார்கள். காலின் அடியில் விசிறி சுற்றும். உள்ளே உள்ளதையும் பார்க்க வேண்டும், வெளியே உள்ளதையும் பார்க்க வேண்டும், நடுவில் சுவரைத் துளைத்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு கையேடு இருந்தது. பெரியவளே, பிளஸ் டூ படிக்கும்போது நீதான் அதை எனக்கு வாசித்து அர்த்தம் சொன்னாய். உனக்கு மறந்திருக்கும். எனக்கு அந்த வருடத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நினைவிருக்கின்றன. நீ பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு வாசிப்பாய், நான் படத்தைப் பார்த்துக் கையால் காற்றில் திருகிக்கொண்டிருப்பேன்.

வருடத்துக்கு ஒரு தடவை படகைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கரைக்கு இழுப்போம். முதல் வேலை காலின் அடியில் உள்ள திருகைக் கழற்றி கியர் ஆயிலை வடிப்பது. முதல் சொட்டு என்ன நிறத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். கறுப்பாக வந்தால் நல்லது. பால் அதிகம் ஊற்றிய டீ மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, எங்கோ சீல் போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு, சுவரைத் துளைத்த இடத்தை மூடியிருக்கும் ரப்பர் உறை. ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் பிரித்து வெடிப்பு இருக்கிறதா என்று தடவ வேண்டும். அது கிழிந்தால் படகுக்குள் தண்ணீர் ஏறும். காலின் மேல் ஒரு வெள்ளை உலோகத் துண்டு திருகியிருக்கும். தண்ணீர் காலை அரிக்காமல் அந்தத் துண்டை அரித்துக்கொள்ளும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அது கரையவே இல்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது. அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

கடைசியாகத் தண்ணீர் பம்ப். படகு இன்ஜினுக்கு காரில் உள்ளது போல ரேடியேட்டர் கிடையாது. காலின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரித் துளைகள் இருக்கும். அவற்றின் வழியாக அணைத் தண்ணீரையே உறிஞ்சி, இன்ஜினைச் சுற்ற விட்டு, புகையோடு சேர்த்து வெளியே தள்ளும். உறிஞ்சுவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். ஆறு இறக்கைகள். அந்த ரப்பருக்குத் தண்ணீரேதான் எண்ணெய். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் தேய்ந்து, கருகி, இறக்கை பிய்ந்துபோகும். அதற்குக் கொஞ்ச நேரம் போதும். "ஒரு கணம்கூடக் கூடாது" என்று நீ வாசித்தாய். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

இப்போது நான் சொல்ல வந்த வருடத்துக்கு வருகிறேன். அந்த வருடம் படகுகளுக்கு அனுமதி கொடுக்கத் துறைக்கு வந்த பொறியாளர் படகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வயசாயிருச்சு" என்று சொல்லிவிட்டார். ஆயுத பூசை விடுமுறை முடிந்ததும் சோதனைக்கு வருவார். அணையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர வேண்டும். நடுவில் சூடானால், படகு இனித் தண்ணீரில் இறங்கக் கூடாது.

அக்காவுக்கு அது நட்டம்தான். ஆனால் தோப்பு இருக்கிறது, வாத்துகள் இருக்கின்றன. படகை ஓட்டும் அண்ணனுக்குத்தான் அது வயிறு. அவர் அதற்கு முன் உடுமலையில் தேங்காய் உரித்தவர். நட்டு வைத்த கம்பியில் குத்தி, திருகி, உரித்து, இருபது வருடத்துக்கு மேல். வலது தோள்பட்டை போய்விட்டது. சட்டை போட்டுக்கொள்ளும்போது கையைத் தூக்கிவிட இன்னோர் ஆள் வேண்டும். படகில் ஸ்டீயரிங்கை இடது கையாலேயே சமாளித்துவிடுவார். வாத்துப் படகுக்கு ஓட்டுநர் தேவையில்லை. "போட்டு போச்சுன்னா நானும் மறுபடி கம்பிக்கிட்டத்தான் போய் நிக்கோணும் தம்பி. கம்பி என்னைப் பாத்தாச் சிரிக்கும்" என்று அவரே சொன்னார்.

அதனால் அந்த வருடம் நான் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. ஆயில், உறை, வெள்ளைத் துண்டு எல்லாம் பார்த்தாயிற்று. பம்பில் இருந்த ரப்பர் சக்கரம் இன்னும் ஒரு வருடம் தாங்கும்தான். இருந்தாலும் புதிதாக ஒன்று போட்டேன். பழையதைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, படகின் சீட்டுக்கு அடியில் வைத்தேன். அடிப்பக்கம் பெயின்ட் காய வேண்டியிருந்ததால் படகு கரையிலேயே நின்றது. பூசை கழித்து வந்து இறக்குவோம் என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது இரண்டு பேரிடமும் சொன்னேன். "தண்ணில எறக்கற வரைக்கும் இன்ஜினை ஓட்டிப்போடாதீங்க. உள்ள ரப்பர் போயிரும்."

"நாங்க எதுக்குங்க ஓட்டறோம். தரையில ஓட்டறதுக்கு அதென்ன டிராக்டருங்களா?" என்றார் அக்கா.

பூசை முடிந்து, சோதனைக்கு முதல் நாள் காலை போனேன். படகு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. முன்மூக்கில் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் சந்தனப் பட்டை, விசிறியில் குங்குமம், வண்டிச் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். இறக்கினோம். இன்ஜின் பெட்டியின் மூடியைத் திறந்து பெட்ரோல் வாசம் இருக்கிறதா என்று மோந்து பார்த்து, பெட்டிக்குள் தேங்கிய ஆவியை வெளியே தள்ளும் காற்று ஊதியைப் போட்டுவிட்டு, சாவியைத் திருப்பினேன். ஒரே அடியில் எடுத்தது. அண்ணன் ஓட்ட, நான் வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

பாதி அணைகூடத் தாண்டவில்லை. முள் மெல்ல எழுந்தது. எழுந்தது நிற்கவில்லை. எச்சரிக்கை மணி கத்தியது. "அமத்துங்கண்ணா!" என்றேன். இன்ஜினை அமர்த்தினார். காற்றுக்குப் படகு அதுபாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்தது.

கரைக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்காவே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாத்துப் படகை மிதித்து வந்தார். மடியில் கயிறு. எங்கள் படகின் மூக்கில் கட்டி, வாத்து முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம்.

"இன்னைக்கு ஆளுங்க கூட்டம் இல்லாதது நல்லதாப் போச்சுங்க. நாளைக்கு அந்த இன்ஜினியரு முன்னால வாத்து இழுத்துட்டு வந்தா எப்படி இருக்கும்?" என்றார் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அண்ணன் சிரிக்கவில்லை. தோளைத் தடவிக்கொண்டே வந்தார்.

கரையில் கட்டியதும் பம்பைக் கழற்றினேன். புதிய ரப்பர் சக்கரத்தில் ஆறு இறக்கைக்கு மூன்றுதான் இருந்தன. மிச்சம் வேரோடு பிய்ந்திருந்தது. ரப்பர் பளபளவென்று மின்னியது. கருகினால் அப்படித்தான் மின்னும்.

"நான் இல்லாதப்ப இதைத் தரையில வெச்சு ஓட்டுனீங்களா?"

"இல்லவே இல்லீங்க" என்றார் அக்கா. "சத்தியமா இல்லீங்க தம்பி" என்றார் அண்ணன். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். மோட்டாரை எரித்துவிட்டு "சும்மா இருந்துச்சு, தானா நின்னுபோச்சு" என்று ஷெட்டுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர். இவர்கள் இரண்டு பேர் முகத்திலும் அது இல்லை.

"புதுசு போட்டேன்னு சொன்னீங்க. எந்தக் கடையில வாங்குனீங்களோ" என்றார் அக்கா. குத்தலாகத்தான் சொன்னார். எனக்கும் அதே யோசனைதான். போலிச் சரக்கா? நான் சுற்றும் திசையை மாற்றி மாட்டிவிட்டேனா? காலின் துளைகளைத் தடவிப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து ஒன்றிரண்டு துளையை அடைத்திருந்தது. ஆனால் அது இவ்வளவு செய்யாது. மதியம் வரை அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம் தெரியாமல் இன்னொன்றைப் போட்டால் அதுவும் நாளை நடு அணையில் பிய்யும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா ஒரு தட்டில் பூசைப் பொரி கொண்டுவந்து வைத்தார். பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு, நாட்டுச் சர்க்கரை.

"நல்லா நமுத்துப்போச்சு, பாத்துத் தின்னுங்க. இந்த வருசம் பூசை பெருசாச் செஞ்சோம். சோதனை வருதே, சாமிகிட்டச் சொல்லி வெக்கோணுமில்ல."

"செஞ்சு என்னங்க" என்றார் அண்ணன். "அன்னைக்குக் கற்பூரம் காட்டறப்ப என்ன கம்பீரமா உறுமுச்சு! அக்கட்டக் கரையில இருந்து சனம் எந்திரிச்சு நின்னு பாத்துச்சு. அது நல்லாத்தானே இருந்துச்சு. இன்னைக்கு என்ன வந்துச்சோ."

நான் பொரியை வாயில் போடாமல் அவரைப் பார்த்தேன்.

"எது உறுமுச்சுங்ணா?"

"போட்டுதானுங்க."

"தண்ணில எறக்கலையே?"

"எறக்கலீங்க. வண்டி மேலதான் நின்னுச்சு."

"அப்ப ஓட்டலைன்னு சொன்னீங்க!"

அண்ணன் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அது ஓட்டறதுங்களா? அது பூசைங்க."

"பூசையன்னைக்கு ஒருக்கா உசுரு குடுக்காம எப்படிங்க?" என்றார் அக்கா. "தோப்பு மோட்டாரு, டிராக்டரு, மிக்ஸி வரைக்கும் போட்டு எடுத்தோம். இதை மட்டும் விட முடியுமுங்களா? ஆரத்தி காட்டி, சாம்பிராணி போட்டு, எல்லாரும் போட்டோ எடுத்து முடியற வரைக்கும்தான். அப்பறம் அமத்திப்போட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவர்கள் என்னிடம் மறைக்கவில்லை. ஓட்டினீர்களா என்று கேட்டேன், ஓட்டவில்லை என்றார்கள். அவர்கள் கணக்கில் ஓட்டுவது வேறு, சாமிக்கு முன்னால் ஒரு தடவை உறும விடுவது வேறு. ரப்பர் சக்கரத்தைக் கையில் கொடுத்து, தண்ணீர் இல்லாமல் சுற்றினால் என்ன ஆகும் என்று சொன்னேன். அக்கா "அட சாமி" என்று வாயைப் பொத்தினார். அண்ணன் அந்த ரப்பரை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"சாவியத் திருப்புனது நானுங்க" என்றார். "என் சோத்துல நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டனா?"

"இன்னும் பொழுது இருக்குதுங்கண்ணா. முதல்ல பிஞ்ச ரெக்கை மூணையும் கண்டுபிடிக்கோணும்."

பிய்ந்த இறக்கைகள் தண்ணீரோடு போய் இன்ஜினின் ஏதாவது குறுகலான வழியில் அடைத்துக்கொள்ளும். புதுச் சக்கரம் போட்டாலும் அந்த அடைப்பு இருக்கும்வரை சூடாகும். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பம்பை விட்டு வெளியேறும் குழாயில் ஓர் இறக்கை முழுசாக இருந்தது. அடுத்த வளைவில் இன்னொன்று, இரண்டு துண்டாக. அக்கா ஒரு தினத்தாளை விரித்து, சின்னப் பிள்ளைகள் படம் சேர்ப்பது போலச் சேர்த்து வைத்தார். மூன்றாவது கிடைக்கவில்லை.

"ரெண்டு கெடைச்சிருச்சில்லீங்க. ஒண்ணு எங்கியாவது வெளிய போயிருக்கும், விடுங்க" என்றார்.

"போயிருக்கும்னு நெனச்சு நாளைக்கு இன்ஜினியரை ஏத்த முடியாதுங்கக்கா."

ஆயிலைக் குளிர வைக்க ஓர் உருளை உண்டு. உள்ளே மெல்லிய குழாய்கள் கட்டாக இருக்கும். அது இன்ஜினின் அடியில், என் கைக்கு எட்டாத மூலையில். அண்ணன் என்னை ஒதுக்கிவிட்டுக் குப்புறப் படுத்தார். ஆகாத வலது தோளை இன்ஜின் மேல் சாய்த்துக்கொண்டு, இடது கையை உள்ளே விட்டார். ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை நுனி வளைத்துக் கொடுத்தேன். முகம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மெத்துனு ஒண்ணு இருக்குதுங்க."

"குத்தாதீங்க. கொக்கி போட்டு இழுங்க."

"தேங்கா நாரு உரிச்சவனுக்குச் சொல்லித் தர்றீங்களாக்கும்" என்றார். வெளியே வந்த கம்பியின் நுனியில் கறுப்பாக ஒரு துண்டு. தினத்தாளில் வைத்தோம். ஒரு மூலை குறைந்தது. மறுபடி கையை விட்டார். அந்த மூலையும் வந்தது. மூன்று இறக்கையும் சேர்ந்தபோது அக்கா ஒரு பொரியை எடுத்து அதன் மேல் வைத்தார். ஏன் வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

சீட்டுக்கு அடியில் டப்பாவில் இருந்த பழைய சக்கரத்தை எடுத்தேன். இறக்கைகள் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, விரிசல் இல்லை. மாட்டும்போது வழுக்க ஏதாவது தடவ வேண்டும்.

"தேங்காயெண்ணெய் போடலாமுங்களா? ஊட்டு எண்ணெய், சுத்தமானது" என்றார் அண்ணன்.

"ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுங்ணா."

"உடுமலையில நின்னுக்கிட்டுத் தேங்காயெண்ணெய் ஆகாதுங்கறீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தடவி மாட்டினோம். பொழுது சாய்வதற்குள் ஒரு சுற்று போய் வந்தோம். முள் பாதிக்குக் கீழே வந்து நின்று, அங்கேயே இருந்தது.

மறுநாள் காலை பொறியாளர் வந்தார். முன்சீட்டில் உட்காரச் சொன்னோம். அவர் ஓட்டுநருக்குப் பின்னால் போய் முள்ளுக்கு நேராக நின்றுகொண்டார். மலை அன்று பனி விலகி நன்றாகத் தெரிந்தது. அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. முழுச் சுற்று. எதிர்க் கரை ஓரம் வேகம் குறைக்கச் சொன்னார், கூட்டச் சொன்னார், அமர்த்தி மறுபடி எடுக்கச் சொன்னார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். கழுத்தில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. துறைக்குத் திரும்பியதும் பொறியாளர் இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"பழசுதான். ஆனா ஆரோ ஒழுங்காப் பாத்துக்கறாங்க. இந்த வருசம் ஓட்டுங்க" என்றார்.

அண்ணன் வலது கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தார். பாதி தூரம்தான் வந்தது. அதற்குள் பொறியாளர் அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

சின்னவனே, உன் கேள்விக்குப் பதில் இத்தோடு முடிந்துவிட்டது. ஒன்றும் ஆகாமல் இருக்கத்தான் போகிறேன். ஆனால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நான் கிளம்பும்போது அக்கா சத்தமாகச் சொன்னார். "இனிமே பூசையன்னைக்கு இந்தச் சாவிய ஒருத்தரும் தொடக் கூடாது. மாலை போட்டாச் சரி, பொட்டு வெச்சாச் சரி. அத்தோட நிறுத்திக்கோணும்." அண்ணன் தலையாட்டினார். பிறகு என்னுடன் பஸ் நிற்கும் இடம் வரை நடந்து வந்தார். என் பையை அவர்தான் தூக்கிக்கொண்டார், இடது தோளில்.

"அக்கா சொல்றது நாயந்தானுங்க. ஆனா எல்லா வண்டியும் அன்னைக்குச் சத்தம் போடும். இது மட்டும் ஊமையாட்ட நிக்கும். எனக்குச் சோறு போடறதே இதுதானுங்க."

நம் ஷெட்டிலும் அன்றைக்கு லேத்திலிருந்து கை டிரில் வரை எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டித்தானே நிறுத்துகிறோம். சாணை பிடிக்கும் கல்லைக்கூட விடமாட்டாள் உங்கள் அம்மா. "வாரேனுங்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவோடு காரமடைக் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். நான் மட்டும் ஷெட்டைத் திறந்தேன். வழியில் ஹார்டுவேர் கடையில் சாக்கடை அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணம் இரண்டு வாங்கினேன். "ரெண்டு பாத்ரூமும் அடைச்சுக்கிச்சுங்களா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். கிண்ணங்களின் மரக் கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, வில் போலத் துள்ளும் ஓர் இரும்புப் பட்டையை வளைத்து அதன் இரண்டு நுனியிலும் மாட்டினேன். விட்டால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும்படி. ஒரு கிண்ணத்தில் ஓட்டை போட்டு, தோட்டத்து ஹோஸ் மாட்டும் பித்தளை மூக்கை இறுக்கினேன். படகின் கால் தடிமனுக்கு ஒரு பலகையை எடுத்து, சீப்புப் பல் மாதிரித் துளை போட்டு, இரண்டு பக்கமும் கிண்ணங்கள் கவ்வ மாட்டிக் குழாயைத் திறந்தேன். முதலில் ஓரத்தில் பீச்சியது. பட்டையை இன்னும் கொஞ்சம் வளைத்தேன். பிறகு தண்ணீர் துளைக்குள் மட்டும் போனது. இதைக் காலில் மாட்டினால் படகு கரையில் நின்றபடியே தண்ணீர் குடிக்கும்.

குழாயை மூடினேன். கிண்ணங்களைத் துணியால் துடைத்தேன். சாமி படத்துக்குக் கீழே இருந்த சிமிழைத் திறந்து, ரப்பரில் படாமல், இரும்புப் பட்டையின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, ஹோஸைச் சுருட்டி, ஆணியில் மாட்டினேன்.